நாலு முடிச்சுச் சேட்டு

ஸ்டுட்கார்ட்டிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் குடியிருக்கிற தமிழருக்குள் ஸ்ரனிஸ்லாஸைத் தெரியாதவர்கள் குறைவு. கலியாண வீடோ, பிள்ளைகளின் முதல்நன்மை விருந்தோ, தமிழ்ப் பூசை முடிந்த பிறகு மண்டபத்தில் தேத்தண்ணியோ, எங்கே பத்துப் பேர் வட்டமாக நின்று சிரிக்கிறார்களோ அங்கே நடுவில் அவர் நிற்பார். தான் சிரிக்காமல் நிற்பார். பெரிய பகிடிக்காரன் என்று பெயர். அந்தப் பெயர் வந்த காரணம் இருபத்தொரு வருடமாக எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவர் ஒருவருக்குத்தான் தெரியாது.

மன்னார்க்காரர், ஐம்பத்திரண்டு வயது. இயந்திர உதிரிப்பாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை. மனைவி பிளோறன்ஸ் உடுப்புத் திருத்துகிற கடை ஒன்றில் தைக்கிறாள். அது போக, அந்தப் பக்கத்துத் தமிழ்ப் பெண்களின் சீலைச் சட்டைகள் முக்கால்வாசியும் அவள் கையால் தைத்தவை. ஒரே மகள் லிசா எர்லாங்கனில் படிக்கிறாள், மாதத்துக்கு ஒருமுறை அழுக்கு உடுப்பு மூட்டையோடு வீட்டுக்கு வருவாள்.

ஸ்ரனிஸ்லாஸின் பகிடிகளில் அரைவாசிக்கு மேல் மற்றவர்களின் உடுப்பைப் பற்றியவை. அதிலும் றோஸ் நிற உடுப்புப் போட்ட ஆண்பிள்ளையைக் கண்டால் விடமாட்டார். அவரோடு வேலை செய்யும் றெக்ஸ் ஒரு நத்தார்ப் பெருநாளுக்கு றோஸ் சேட்டுப் போட்டுக்கொண்டு பூசைக்கு வந்தான். ஸ்ரனிஸ்லாஸ் அவனை மேலும் கீழும் பார்த்து, முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, "தம்பி, றோஸ் ஆம்பிளைக்கு அழகில்லை. கழட்டிப் பெண்சாதியிட்டைக் குடுத்திட்டு வா" என்றார். மண்டபமே குலுங்கியது. சுவாமியார் கூடச் சிரித்தார். றெக்ஸுக்குக் கோபம் வரவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டான். சொன்ன பகிடியின் அளவுக்கு மேலே சிரிப்பு விழுகிறதே என்று ஸ்ரனிஸ்லாஸுக்கு அப்போது இலேசாகத் தோன்றியதுதான். ஆனால் தன் திறமையைத் தானே குறைத்து மதிப்பிடுவானேன் என்று விட்டுவிட்டார்.

அவருக்கு ஒரு இரகசியம் உண்டு. சிவப்பும் பச்சையும் அவர் கண்ணுக்கு ஒன்று. மண்ணிறமும் அந்தக் கூட்டத்திலேயே சேர்ந்துவிடும். நீலமும் மஞ்சளும் வெள்ளையும் பிசகில்லை. இருபத்திரண்டு வயதில் றெயில் எஞ்சின் ஓட்டுகிற வேலைக்கு விண்ணப்பித்து, கொழும்பில் ஒரு டொக்டர் புள்ளிப் புள்ளியாக அச்சடித்த புத்தகத்தைக் காட்டி என்ன இலக்கம் என்று கேட்கும்வரை, உலகம் எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தார். அந்தப் புத்தகத்தில் இலக்கம் இருந்ததாகவே அவருக்குத் தெரியவில்லை. புள்ளிகளை எண்ணச் சொல்கிறார்களாக்கும் என்று எண்ணத் தொடங்கினார். வேலை போயிற்று. கண் பழுதானவன் என்று பெயர் எடுத்தால் பெண் கிடைக்காது, வாயைத் திறக்காதே என்று தகப்பன் சொல்லிவிட்டார். அன்றைக்கு மூடிய வாய்.

பிளோறன்ஸுக்கு மட்டும் தெரியும். கலியாணம் முடிந்த மூன்றாம் நாள், ஒரு கால் பச்சைச் சொக்ஸும் மறு கால் சிவப்புச் சொக்ஸுமாக அவர் வெளிக்கிட்டு நின்றதைப் பார்த்து, கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு இனி இவள் என்ன செய்யப்போகிறாளோ என்று தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். அவள் ஊசியும் நூலும் எடுத்து வந்தாள்.

அன்றைக்கு அவள் கண்டுபிடித்ததுதான் முடிச்சு வழி. ஒவ்வொரு உடுப்பின் உட்பக்கத்திலும், கழுத்து மடிப்பிலோ இடுப்புப் பட்டியிலோ, நூலில் சின்ன முடிச்சுகள். ஒரு முடிச்சென்றால் சிவப்பு, இரண்டு பச்சை, மூன்று மண்ணிறம், நாலு சாம்பல். விரலால் தடவினால் போதும். இருபத்தொரு வருடமாக ஸ்ரனிஸ்லாஸ் அலுமாரிக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றுதான் உடுப்புத் தெரிவு செய்தார். அவருக்கு மிகவும் பிடித்தது நாலு முடிச்சு. சாம்பல் எதோடும் ஒத்துப்போகும், கண்ணை உறுத்தாது, மரியாதையான நிறம் என்பது அவருடைய கட்சி.

2007ஆம் ஆண்டு வசந்தத்தில் இந்த ஒழுங்கான வாழ்க்கைக்குள் கில்ற் நுழைந்தது.

தொழிற்சாலையில் அவருடைய பகுதிக்குப் பொறுப்பானவர் ஹேபர்லே என்ற ஜேர்மன்காரர். வேலை நேரத்தில் ஒரு சொல் கூடுதலாகப் பேசாத மனிதர். வேலை முடிந்தால், நெக்கார் ஆற்றுக்கு மேலே உள்ள தன் கிராமத்தில் பைப் ஊதுகிற சங்கம் ஒன்றின் தலைவர். ஸ்கொட்லாந்துக்காரரின் தோற்பை வைத்த குழல், ஸ்கொட்லாந்துக்காரரின் கட்டம் போட்ட மடிப்புப் பாவாடை. அந்தப் பாவாடைக்குத்தான் கில்ற் என்று பெயர். சங்கத்தில் இருபத்திரண்டு பேர், அதில் பாதிப் பேர் ஸ்கொட்லாந்தைக் கண்ணால் கண்டதில்லை. ஏன் இப்படி என்று யாரும் அவர்களைக் கேட்பதும் இல்லை. ஜேர்மனியில் ஒரு விடயத்துக்குச் சங்கம் வைத்துவிட்டால் அதற்குப் பிறகு காரணம் தேவையில்லை.

ஒருநாள் தேத்தண்ணி இடைவேளையில் ஸ்ரனிஸ்லாஸ் ஒரு பிளாஸ்ரிக் பெட்டியில் சும்மா தட்டிக்கொண்டு இருந்தார். இளவயதில் மன்னாரில் கோயில் பெருநாளுக்குப் பாண்ட் வாத்தியத்தில் பெரிய மேளம் அடித்த கை. ஹேபர்லே கையில் இருந்த பாணைக் கடிக்காமல் நின்று கேட்டார். அவர்களுடைய பெரிய மேளக்காரர் முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் போய்விட்டார் என்பது பிறகு தெரிந்தது. அடுத்த வாரமே ஸ்ரனிஸ்லாஸ் ஒரு கில்ற்றைக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

சாரம் கட்டிப் பழகிய இடுப்புக்கு அது பெரிய வேலையாக இருக்கவில்லை. ஆனால் மடிப்பு என்று கண்டவுடன் பிளோறன்ஸின் கை தன்பாட்டில் சீலைக் கொய்யகம் என்று நினைத்து அதை முன்பக்கம் கொண்டு வந்து அழகாக நீவிவிட்டது. அப்படியே முதல் நாள் ஒத்திகைக்குப் போனார். ஹேபர்லே ஒன்றும் பேசாமல் கில்ற்றை இடுப்போடு பிடித்து அரை வட்டம் திருப்பி, மடிப்பைப் பின்பக்கம் அனுப்பிவிட்டு மேளத்தைக் காட்டினார்.

யூலையில் கடிதம் வந்தது. சங்கத்துக்கு இருபத்தைந்து வயது, செப்ரெம்பரில் கிராமத்தில் விழா. வழக்கமான கறுப்புச் சீருடை வேண்டாம், பகல் உடுப்பு. கில்ற் மட்டும் எல்லோருக்கும் ஒன்று. சேட்டு, கழுத்துப்பட்டி, முழங்கால்வரை இழுக்கிற கம்பளிச் சொக்ஸ் எல்லாம் அவரவர் விருப்பம். ஆனால் நிறம் கில்ற்றோடு இசைய வேண்டும். ஓகஸ்ட் நடுவில் ஒரு சனிக்கிழமை எல்லோரும் முழு உடுப்போடு வந்து காட்ட வேண்டும். இசையாதவர் விழாவில் நடக்க மாட்டார். பெரிய மேளம் நடு வரிசையில் போவது, ஊர் முழுக்கப் பார்க்கும் என்று கடிதத்தின் அடியில் ஹேபர்லே கையால் எழுதியிருந்தார்.

ஸ்ரனிஸ்லாஸ் கில்ற்றைக் கட்டிலில் விரித்துப் போட்டுவிட்டுப் பார்த்தார். கட்டத்துக்குள் கட்டம், கோட்டின்மேல் கோடு. அவருக்கு அது நீலமும் சேறும். இதற்கு எத்தனை முடிச்சுப் போடுவது என்று பிளோறன்ஸைக் கேட்டார். அவள் குனிந்து பார்த்தாள். பெரிய கட்டங்கள் கரும்பச்சையும் கருநீலமும், நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு என்று சொன்னாள். இன்னொரு மெல்லிய கோடும் இருக்கிறது என்று சொன்னவள், அது என்ன நிறம் என்று சொல்லாமல், அடுப்பில் ஏதோ கொதிக்கிறது என்று எழுந்து போய்விட்டாள். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமைதான் வடக்கே கேவலார் மாதா கோயில் யாத்திரைக்குத் தமிழர் கூடுகிற நாள். பிளோறன்ஸ் பஸ்சில் போய்விட்டாள், ஞாயிறு பின்னேரம்தான் வருவாள். போகும்போது கிறீம் நிறச் சொக்ஸ் வாங்கித் தருகிறேன், அதுவரை ஒன்றும் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். ஆனால் ஸ்ரனிஸ்லாஸுக்கு ரோசம் வந்துவிட்டது. ஒரு சோடிச் சொக்ஸ் கூட வாங்கத் தெரியாத ஆளா நான்? சனிக்கிழமை காலையில் கடைக்குப் போனார். கம்பளிச் சொக்ஸ், பச்சையும் சிவப்பும், என்று ஒரு மட்டை தொங்கியது. அதன் கீழே இரண்டு குவியல். எது பச்சை என்று மட்டை சொல்லவில்லை. யாரையாவது கேட்டிருக்கலாம். முப்பது வருடமாகக் கேட்காத மனிதர் அன்றைக்குக் கேட்பாரா? வலது பக்கம் நல்லது என்று வலது பக்கக் குவியலில் எடுத்தார். வீட்டுக்கு வந்து, கண்ணை மூடி அலுமாரியைத் தடவி, நாலு முடிச்சுச் சேட்டில் நல்லதாக ஒன்றைத் தெரிந்தெடுத்தார். சாம்பல் சேட்டு, பச்சைச் சொக்ஸ், நீலக் கழுத்துப்பட்டி. கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்த்தபோது தன்னில் ஒரு குறையும் அவருக்குத் தெரியவில்லை.

சங்க மண்டபத்தில் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். ஹேபர்லே பட்டியலோடு ஒவ்வொருவராகப் பார்த்து வந்தார். ஆறு பேர் பச்சைக் கட்டம் என்று கண்டவுடன் பச்சைச் சேட்டு, பச்சைப் பட்டி, பச்சைச் சொக்ஸ் என்று இறங்கியிருந்தார்கள். கில்ற்றுக்குள்ளேயே தேவையான அளவு பச்சை இருக்கிறது, மேலேயும் கீழேயும் அதையே அப்பினால் ஆளைக் காணாது, துணிதான் நடந்து போகும் என்று ஹேபர்லே சத்தம் போட்டார். பெரிய நிறத்தை விட்டுவிட வேண்டும். ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு இருக்கும், அதைக் கண்டுபிடித்து ஒரே ஒரு இடத்தில் வைக்க வேண்டும், மற்றதெல்லாம் அடக்கமாக இருக்க வேண்டும். எத்தனை தரம் சொல்வது?

பிறகு ஸ்ரனிஸ்லாஸுக்கு முன்னால் வந்து நின்றார். நின்று, தோளில் கைபோட்டு, அவரை எல்லோருக்கும் முன்னால் திருப்பினார். இந்த மனிதரைப் பாருங்கள், இவர் ஒருவர்தான் துணியைப் படித்திருக்கிறார், மெல்லிய கோட்டின் றோசாவை எடுத்துச் சேட்டில் வைத்திருக்கிறார், இதற்குத் துணிவு வேண்டும் என்றார். றோசா என்றால் ஜேர்மன் மொழியில் றோஸ் நிறம் என்பது இருபத்திரண்டு வருடம் அந்த நாட்டில் இருந்தவருக்குத் தெரியாதா? யாரடா அது றோஸ் சேட்டோடு வந்தவன் என்று ஸ்ரனிஸ்லாஸ் ஆவலோடு திரும்பிப் பின்னால் பார்த்தார். பின்னால் சுவர் இருந்தது.

எல்லோரும் கை தட்டினார்கள். ஹேபர்லே அவருடைய காலைக் குனிந்து பார்த்து, சொக்ஸ் மட்டும் இந்தச் சிவப்பு வேண்டாம், கிறீம் போடுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனார். சிவப்புச் சொக்ஸ் ஸ்ரனிஸ்லாஸின் காதில் விழவேயில்லை.

வீட்டில் லிசா வந்திருந்தாள். தகப்பன் கில்ற்றோடு உள்ளே வந்து, வணக்கம் கூடச் சொல்லாமல் அலுமாரியைத் திறந்து, தன் பதினொரு சேட்டையும் கொண்டுவந்து சோபாவில் அடுக்கினார். அவளுக்கும் தகப்பனின் கண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது. விழாவுக்கு எது நல்லது என்று பார்க்க வேண்டும், ஒவ்வொன்றும் என்ன நிறம் என்று சொல்லு என்றார். அவள் சிரித்துக்கொண்டு சொல்லிக்கொண்டே போனாள். றோசா, வெள்ளை, றோசா, நீலம், றோசா. பதினொன்றில் ஏழு றோசா.

ஸ்ரனிஸ்லாஸ் சோபாவின் கைப்பிடியில் மெல்ல இருந்தார். எல்லோருக்கும் இது தெரியுமா என்று கேட்டார்.

"என்னது தெரியுமா எண்டு? உங்களுக்கு றோஸ் எண்டால் உயிர் எண்டு ஸ்டுட்கார்ட் முழுக்கத் தெரியும் அப்பா. றோஸ் அண்ணை எண்டுதானே உங்களைச் சொல்லுறவை" என்றாள் லிசா. "றெக்ஸ் மாமாவுக்கு நீங்கள் சொன்ன பகிடி ஞாபகம் இல்லையா? நீங்களும் றோஸ் சேட்டுப் போட்டுக்கொண்டு, கொஞ்சமும் சிரிக்காமல், றோஸ் ஆம்பிளைக்கு அழகில்லை எண்டு அவரைப் பேசினீங்கள். அதுதானே பகிடி."

ஸ்ரனிஸ்லாஸ் ஏழு சேட்டையும் ஒரு பக்கமாக ஒதுக்கினார். இருபத்தொரு வருடத்துப் பகிடிகள் ஒவ்வொன்றாக நினைவில் வந்து, ஒவ்வொன்றும் முகத்தில் அறைந்தது. சபாநாயகர் மாதிரி நடுவில் நின்றாரே, அந்த வட்டங்கள் எல்லாம் சிரித்தது அவருடைய வாய்க்கு இல்லை, அவருடைய முதுகில் கிடந்த துணிக்கு. எஞ்சின் ஓட்டுகிற வேலை போனபோது கூட அவர் இப்படிக் குறுகிப் போகவில்லை.

ஞாயிறு பின்னேரம் பிளோறன்ஸ் மெழுகுதிரியும் தீர்த்தப் போத்தலுமாக வந்து கதவைத் திறந்தாள். லிசா போய்விட்டாள். ஏழு சேட்டும் சோபாவில் கிடந்தன. கணவர் எதிரே இருந்தார்.

"பிளோறன்ஸ், நாலு முடிச்சு எண்டால் என்ன நிறம்?"

இந்தக் கேள்வி என்றைக்காவது வரும் என்று அவளுக்குத் தெரியும். அதற்கு மூன்று பதில் தயாராக வைத்திருந்தாள். மூன்றும் அந்த நேரத்தில் மறந்துபோயின. உண்மையைத்தான் சொன்னாள்.

"சாம்பல் எண்டு நீங்கள்தான் சொன்னனீங்கள். நான் ஒருநாளும் சொல்லேல்லை."

அவர் யோசித்துப் பார்த்தார். அது சரியாகத்தான் இருந்தது. முடிச்சு வழி கண்டுபிடித்த அன்றைக்கு, பிளோறன்ஸ் ஒரு சேட்டைத் தூக்கிக் காட்டி இது என்ன நிறம் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டாள். சாம்பல் என்று அவர் அடித்துச் சொன்னார். அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல் நாலு முடிச்சுப் போட்டாள். அதற்குப் பிறகு அவள் வாங்கித் தந்த சேட்டுகளைத் தடவி, ஓ சாம்பலோ என்று கேட்டதும் அவர்தான், நல்ல நிறம் என்று மெச்சியதும் அவர்தான்.

சரியாக இருந்ததால் கோபம் இன்னும் கூடியது. "என்னை வைச்சு ஊரைச் சிரிக்கப் பண்ணிப்போட்டீர்" என்றார். விழாவும் வேண்டாம், மேளமும் வேண்டாம், கில்ற்றைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்றார். பிறகு அறைக்குள் போய்த் தொழிற்சாலை நீல மேலங்கியைப் போட்டுக்கொண்டு வந்து சாப்பாட்டுக்கு இருந்தார்.

அந்த நீல மேலங்கியை அவர் கழற்றவில்லை. தன் சொந்தக் கண்ணால் நம்பக்கூடிய நிறத்தைத்தான் இனிப் போடுவது என்று வைராக்கியம். வேலைக்கு நீலம், கடைக்கு நீலம், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் நீலம். பூசைக்கு வந்தவர்கள் இதுவும் அண்ணையின் ஒரு புதுப் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்கள். அவர் ஒருவரோடும் பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். ஒத்திகைக்கும் போகவில்லை. ஹேபர்லே தொழிற்சாலையில் ஒருநாள் அவருக்குப் பக்கத்தில் வந்து நின்று, மேளம் இல்லாமல் நடக்க ஏலாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வேலையிடத்தில் அந்த மனிதர் சொல்லக்கூடிய ஆகக் கூடிய சொல் அதுதான். ஸ்ரனிஸ்லாஸுக்கு அது உறைத்தது. இருந்தாலும் எந்த முகத்தோடு, எந்தச் சேட்டோடு போவது?

விழாவுக்கு நாலு நாள் இருக்கையில், புதன்கிழமை பின்னேரம், பிளோறன்ஸ் கில்ற்றை மடியில் வைத்துக்கொண்டு அதன் இடுப்பு வாரைக் கொஞ்சம் தள்ளித் தைத்துக்கொண்டிருந்தாள். திருப்பிக் கொடுக்கப் போகிற உடுப்பை என்னத்துக்குத் தைக்கிறீர் என்று அவர் கேட்டார். இரண்டரைக் கிழமையில் அவராகப் பேசிய முதல் வசனம். அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"எண்பத்தாறாம் ஆண்டு தை மாதம், முகாம் சாப்பாட்டுக் கூடம் ஞாபகம் இருக்கோ?" என்று கேட்டாள்.

மறப்பாரா? அகதி முகாமின் நீண்ட மேசை, சன்னலுக்கு வெளியே உருகாத பனி. அவளுடைய தம்பி யாழ்ப்பாணத்தில் காணாமல் போய் நாலு மாதம். அவள் ஒருவரோடும் பேசாமல், தட்டில் போட்டதைத் தொடாமல் எழுந்து போகிற பெண் என்று முகாமில் பெயர் எடுத்திருந்தாள். அன்றைக்குக் கரித்தாஸ் என்ற உதவி நிறுவனத்துக்காரர் பழைய உடுப்புக் கொண்டுவந்து பங்கிட்டார்கள். ஸ்ரனிஸ்லாஸ் ஒரு சேட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, அவளுக்கு எதிரே வந்து இருந்து, பெருமூச்சு விட்டுவிட்டு, இந்த நாட்டிலே வானமும் சாம்பல், றோட்டும் சாம்பல், தந்த சேட்டும் சாம்பல் என்றார். அவள் சிரித்தாள். வாயில் கையை வைத்து அடக்கப் பார்த்து, ஏலாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். தன்னுடைய ஒரு வசனம் ஒரு பெண்ணை இப்படிச் சிரிக்க வைத்ததே என்றுதான் ஸ்ரனிஸ்லாஸ் அன்றைக்கே அவளைக் கலியாணத்துக்குக் கேட்பது என்று முடிவெடுத்தார். அவருடைய வாழ்க்கையின் முதல் பகிடி அது. மற்ற எல்லாப் பகிடியும் அந்தத் துணிச்சலில் பிறந்தவை.

"அந்தச் சேட்டு றோஸ்" என்றாள் பிளோறன்ஸ். "நல்ல வடிவான றோஸ். அதைப் போட்டுக்கொண்டு பாதிரியார் மாதிரி முகத்தை வைச்சு, தந்த சேட்டும் சாம்பல் எண்டீங்கள்."

கடைசியில் மிஞ்சியிருந்த ஒரு பகிடியும் போயிற்று.

"அப்ப நீர் அண்டைக்குச் சிரிச்சது என்ரை கதைக்கு இல்லை" என்றார்.

"அண்டைக்குத்தான் நான் நாலு மாதத்துக்குப் பிறகு சாப்பிட்டனான். ரெண்டு தட்டு" என்றாள் அவள். "கதைக்கோ சேட்டுக்கோ எண்டு எனக்குத் தெரியாது. உங்களுக்குத்தான். பிறகு கடையிலை றோஸ் சேட்டுக் கண்டால் என்னாலை விட்டிட்டு வர ஏலாது. சொன்னால் கழட்டிப்போடுவீங்கள். அதுதான் சொல்லேல்லை."

ஸ்ரனிஸ்லாஸ் கில்ற்றின் ஒரு ஓரத்தைத் தன் பக்கம் இழுத்தார். அந்த மற்றக் கோடு எங்கே என்று கேட்டார்.

அவள் அவருடைய சுட்டுவிரலைப் பிடித்துக் கில்ற்றின் ஒரு கட்டத்தின் ஓரத்தில் வைத்து மெல்ல இழுத்தாள். விரலுக்கும் ஒன்றும் தட்டுப்படவில்லை, கண்ணுக்கும் தெரியவில்லை. அது நாலு முடிச்சு நிறம் என்று அவள் சொன்னாள். சீலைக்குச் சட்டை தைக்கிறபோது அதன் உடம்பு நிறத்தில் எடுத்தால் மேசை விரிப்பு மாதிரித்தான் இருக்கும், கரையில் ஓடுகிற நூலைப் பார்த்து எடுக்க வேண்டும், ஆயிரம் சட்டைக்கு நான் அதைத்தான் செய்திருக்கிறேன், உங்களுடைய ஹேபர்லே புதிதாக ஒன்றும் சொல்லவில்லை என்றும் சொன்னாள். கடிதம் வந்த அன்றைக்கே அவளுக்கு எந்தச் சேட்டு என்று தெரிந்துவிட்டது. எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

அடுத்த நாள் ஸ்ரனிஸ்லாஸ் வேலை முடிய நேரே ஒத்திகைக்குப் போனார். எந்தச் சேட்டு என்று அவள் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கட்டிலில் பிளோறன்ஸ் கில்ற்றையும் கிறீம் சொக்ஸையும் நீலக் கழுத்துப்பட்டியையும் வைத்தாள். பக்கத்தில் இரண்டு சேட்டு. ஒன்று முடிச்சே இல்லாத புது வெள்ளை, மற்றது நாலு முடிச்சு. வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய் நின்றாள். வெள்ளையைப் போட்டுக்கொண்டு வந்தாலும் ஒரு சொல் சொல்வதில்லை என்று தனக்குள் உறுதி எடுத்துக்கொண்டாள். ஆனால் கண் கதவிலேயே இருந்தது, பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. கதவு திறந்தது. அவர் றோஸ் சேட்டோடு நின்று, பஸ்சுக்கு நேரமாகிறது என்றார்.

கிராமத்துச் சதுக்கத்தில் நல்ல கூட்டம். தமிழர் இருபது பேர் வந்திருந்தார்கள், றெக்ஸும் குடும்பமும் முன்வரிசையில். றெக்ஸ், அண்ணைக்கு மரியாதையாக, அதே நத்தார்ச் சேட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். ஸ்ரனிஸ்லாஸ் கட்டம்போட்ட கில்ற்றும் றோஸ் சேட்டும் நெஞ்சில் பெரிய மேளமுமாக அவனுக்கு முன்னால் போய் நின்றார். மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, றோஸ் ஆம்பிளைக்கு அழகில்லை எண்டு உனக்கு எத்தினை தரம் சொல்லுறது?"

தமிழர் வரிசை சரிந்து விழுந்தது. ஸ்ரனிஸ்லாஸின் முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. உள்ளே மட்டும் ஒரு சந்தோசம் ஏறியது. வாழ்க்கையில் தெரிந்து சொன்ன முதல் பகிடி, இதுவும் எடுபடுகிறது.

பிளோறன்ஸ் மற்றவர்களோடு சேர்ந்து புன்னகைத்தாள், சிரிக்கவில்லை. அது ஊருக்குச் சொன்னது.

ஹேபர்லே வரிசைக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டார். ஸ்ரனிஸ்லாஸ் போகிற வழியில் அவளுக்குப் பக்கத்தில் ஒரு கணம் நின்றார். மழை வரப்போகிற மேகம், கல் பாவிய தெரு. அவர் அண்ணாந்து பார்த்தார், குனிந்து பார்த்தார், கடைசியில் தன் சேட்டைப் பார்த்தார். முகாம் சாப்பாட்டுக் கூடத்தில் விட்ட அதே பெருமூச்சை விட்டார்.

"வானமும் சாம்பல். றோட்டும் சாம்பல். பெண்சாதி தந்த சேட்டும் சாம்பல்."

பிளோறன்ஸ் வாயில் கையை வைத்தாள். அடக்கப் பார்த்தாள், ஏலவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு ஜேர்மன் பெண் இவளுக்கு ஏதும் செய்கிறதோ என்று தோளைப் பிடிக்கும்வரை, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கதைக்கோ சேட்டுக்கோ என்று இந்த முறை அவர் கேட்கவில்லை. நடு வரிசையில் போய்த் தன் இடத்தில் நின்று, மேளத்தடியை ஓங்கினார்.